தேவசகாயத்தின் கடைசி இரண்டு நொடிகள்

கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். கடைசியில் தீர்ப்பு சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

கோவை அணியின் தேவசகாயம் பத்தொன்பது ஆண்டுகள் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடியவர். அவர் பெயரில் இல்லாத சாதனை இல்லை. எதிரணி ஃபவுல் செய்ததற்கு ஈடாக, யாரும் தடுக்காமல் நின்று எறியும் ஃப்ரீ த்ரோ கிடைத்தால் பத்தில் ஒன்பதைக் கூடைக்குள் போட்டுவிடுவார். ஆனால் லீக் கோப்பையை மட்டும் அவர் கை தொட்டதே இல்லை. நான்கு முறை இறுதிப் போட்டி வரை போய் நான்கு முறையும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். ஐந்தாவது இறுதிப் போட்டிதான் அவருடைய கடைசி ஆட்டம் என்று அறிவித்தாயிற்று.

அவர் எப்போதும் நெற்றியில் மஞ்சள் பட்டை கட்டி ஆடுவார். மஞ்சளைப் பார்த்தால் தேவா என்பது நடுவர்களுக்கே பழகிப்போன விஷயம். அன்று அவருக்கு மரியாதை செய்வதாக நினைத்து அணியில் எல்லாருமே மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு இறங்கினார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஆட்டம் முடிய இரண்டு நொடி. மதுரை அணி ஒரு புள்ளி முன்னால். கூடைக்கு அடியில் தேவாவும் மதிவாணனும் சேர்ந்தே எகிறினார்கள். பந்து மதிவாணன் கையில் இருந்தது. மதுரைக்காரர் ஒருவர் அந்தக் கையில் அடித்துவிட, மூவரும் உருண்டு விழுந்தார்கள். யார் கையில் அடித்தோம் என்று அடித்தவருக்கே தெரியவில்லை. பின்னாலிருந்து மஞ்சள் பட்டையை மட்டும் பார்த்த நடுவர் ஃபவுல் என்று விசில் ஊதி, இரண்டு ஃப்ரீ த்ரோ போடச் சொல்லித் தேவாவைக் கை காட்டினார்.

மதிவாணன் நான்கு வருடமாக அணியில் இருப்பவன். நல்ல தடுப்பாட்டக்காரன், ஆனால் ஃப்ரீ த்ரோவில் பாதிக்குப் பாதிதான் தேறும். அவன் தேவாவின் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான்: “அண்ணா, அடி எனக்குத்தான் விழுந்துச்சு. நானே போடறேன்.”

பயிற்சியாளர் சிவஞானத்தின் காதிலும் அது விழுந்தது. “நடுவர் கூப்பிட்டது உன்னைத்தான் தேவா. போய்ப் போட்டுட்டு வா” என்றார்.

தேவா போனார். முதல் பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது. இப்போது ஆட்டம் சமம், அரங்கமே எழுந்து நின்றது. இன்னொன்று போட்டால் கோப்பை கிட்டத்தட்ட கையில். தேவா இரண்டாவது பந்தை வாங்கி, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நடுவரிடம் திருப்பிக் கொடுத்தார். அடிபட்டவன் தான் இல்லை என்று சொல்லிவிட்டார்.

உரிமை இல்லாதவர் போட்ட ஃப்ரீ த்ரோ செல்லாது, மீதியும் ரத்து, பந்து எதிரணிக்குப் போகும் என்பது விதி. ஓய்வுக்குப் பிறகு நடுவராவதற்காகத் தேர்வெழுதித் தேறியிருந்த தேவாவுக்கு அது தெரியாததல்ல. மதுரை பந்தை வாங்கியது, ஒரு புள்ளியில் ஜெயித்தது.

சிவஞானம் கொதித்துப்போனார். நடுவரின் தவறைத் திருத்துவது ஆட்டக்காரனின் வேலையில்லை என்பது அவர் வாதம். தான் பொய்யான கோப்பையோடு வீட்டுக்குப் போக முடியாது என்றார் தேவா. மதிவாணன் நெற்றிப்பட்டையை அவிழ்த்துப் பையில் வைத்தான்.

ஜெயிக்கப் பார்த்த பயிற்சியாளர், தோற்றாலும் உண்மையைச் சொன்ன தேவா, தானே போடுகிறேன் என்று கேட்ட மதிவாணன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: என்னைக் கேட்டால் மதிவாணன். தேவா சொன்னதும் உண்மைதான், அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிதுதான். ஆனால் முதல் பந்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்போது அவர் மதிவாணனை நம்பவில்லை. நம்பாததால் வாயை மூடிக்கொண்டார். மனசாட்சி விழித்தபோது பறிபோனது அவர் கோப்பை மட்டுமல்ல, மதிவாணனின் வாய்ப்பும்தான். தவறவிட்டால் ஊரே தூற்றும் என்று தெரிந்தும், உரிய நேரத்தில் தன் பாரத்தைத் தானே சுமக்கிறேன் என்றவன் மதிவாணன் ஒருவன்தான். மறுநாள் செய்தித்தாள்கள் தேவாவின் நேர்மையை முதல் பக்கத்தில் போட்டன. அந்த இரண்டு பந்துகளையும் மதிவாணன் கூடைக்குள் போட்டிருப்பானா என்பது யாருக்கும் தெரியாது. அவனுக்கும் இனித் தெரியப்போவதில்லை.