கல்தொட்டியில் ஒன்றும் இல்லாத நாள்

பாத்திரக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. கடை நடத்திய காலத்தில் ஒரு செம்பில் விரல் ரேகை விழுந்திருந்தால்கூட வேலையாளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், மனைவி போன மறுவருஷமே கடையை மகள் கையில் கொடுத்துவிட்டு, மலையடிவாரத்து மடத்தில் கோமதியம்மாவிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார்.

அம்மாவுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அதனால் என்ன? பசித்தவன் சோற்றைப் பார்ப்பானா, பரிமாறுகிறவர் வயதைப் பார்ப்பானா?

வந்த அன்றைக்கே கேட்டுவிட்டார்.

"அம்மா, ராத்திரி வானத்தைப் பார்த்தா எனக்கு என்னமோ பயமா இருக்கு. அவ போனதுல இருந்து இப்படித்தான். இம்புட்டு நட்சத்திரம், இம்புட்டு இடம். எல்லாம் ஆளில்லாத வீடுதானா? உசுருன்னு ஒண்ணு இங்க மட்டுந்தானா?"

அம்மா வாசலைக் காட்டினார். அங்கே ஆடுமாடு தண்ணீர் குடிக்கிற கல்தொட்டி ஒன்று கிடந்தது. உள்ளே பச்சைப்பசேல் என்று பாசி.

"இந்தத் தொட்டியில உசுருன்னு ஒண்ணுமே இல்லாம வச்சிருங்க அண்ணாச்சி. அப்படி ஒரு நாள் வந்ததும் கேளுங்க, சொல்றேன்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேய்க்கிற வேலையைப் போயும் போயும் யாரிடம் சொல்கிறார்!

தேங்காய் நாரும் செங்கல் பொடியும் வைத்துத் தேய்த்த தேய்ப்பில் கல் வெளுத்துப் போயிற்று. புதுத் தண்ணீர் நிரப்பினார். ரெண்டு நாள் கழித்துக் கையை விட்டால் வழுக்கியது.

"ஆடு வாய் வைக்குதும்மா, அதான்."

"அப்படியா? ஆட்டுக்கு வேற அண்டா வைப்போம்."

அண்டா வைத்தார்கள். தொட்டி மறுபடி பச்சை பிடித்தது.

"காக்கா வந்து குளிக்குதும்மா."

"மூடி வையுங்க."

தன் வேட்டியாலேயே மூடினார். அடுத்த வாரம் விலக்கிப் பார்த்தால் உள்ளே கொசுப்புழுக்கள் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன. அண்ணாச்சி பல்லைக் கடித்தார். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினார். சுண்ணாம்பு அடித்தார். அது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. ஓடிப் போய் அம்மாவைக் கூட்டிவந்தார்.

அம்மா குனிந்து பார்த்தார்.

"எல்லாம் சரி. இந்த மூலை?"

மூலையில் நகக்கண் அளவுக்குப் பச்சை.

அண்ணாச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சமயம் பேரனுக்குக் காதுகுத்து என்று ஊரிலிருந்து ஆள் வந்தது. போனவரை மகள் லேசில் விடவில்லை. மழையும் பிடித்துக்கொண்டது. திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. பையைக்கூட உள்ளே வைக்காமல் நேராகத் தொட்டிக்குத்தான் போனார்.

தொட்டி ஒரு ஊர் மாதிரி இருந்தது. பாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் என்னென்னவோ நெளிந்தன. நத்தை ஊர்ந்தது. விளிம்பில் தட்டான் உட்கார்ந்திருந்தது. தண்ணீருக்குள் தலைப்பிரட்டைகள். அதில் ஒன்றுக்கு மீன்வால் இன்னும் போகவில்லை, அதற்குள் பின்னால் ரெண்டு கால் முளைத்துவிட்டது. நீந்துவதா, கரையேறுவதா என்று தெரியாமல் அது கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது.

யாரும் இதுகளை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

அண்ணாச்சி நாரை எடுத்தார். தேய்த்தால்தான் பதில். பதில் இல்லை என்றால் இன்று ராத்திரியும் அதே வானம், அதே கலக்கம். கையைத் தண்ணீருக்குள் விட்டார். அந்தக் கால் முளைத்த பயல் மெல்ல வந்து அவர் விரலில் ஏறிக்கொண்டான்.

"அட, போக்கிரி!" என்றார் அண்ணாச்சி. வாய்விட்டுச் சிரித்தார். மனைவி போன பிறகு அவர் அப்படிச் சிரித்தது அன்றுதான்.

பிறகு நாரைப் பிழிந்து கொடியில் காயப் போட்டுவிட்டு உள்ளே போனார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"தொட்டி சுத்தமாகலம்மா. ஆகவும் ஆகாது. இனிமே எனக்குத் தேய்க்கவும் மனசு வராது. பதிலு வேண்டாம், விட்டுருங்க."

அம்மா ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"அங்க மேல எங்கயாச்சும் தண்ணி இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கும்னுதான் சொல்றாங்க. பேப்பர்ல போட்டிருந்தான். வியாழனைச் சுத்துற நிலா ஒண்ணுல, ஐஸுக்கு அடியில கடலே கிடக்கலாமாம்."

"எம்புட்டு நாளா?"

"நாளா? கோடிக்கணக்கான வருஷமாம்மா!"

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தேய்க்க ஆள் போட்டிருக்காங்களா?"