செவியனின் காது

கள்ளிக்காட்டில் ஒரு கௌதாரிக் கூட்டம் இருந்தது. கிழக்கே கரட்டுமேடு, சொந்தக்காரக் கௌதாரிகளின் ஊர். மேற்கே ஓடைக்காடு, பகையாளிகளின் ஊர். அந்த இரண்டு ஊர்க் கௌதாரிகளும் கூவும்போது கடைசியில் கொஞ்சம் இழுக்கும். கேட்டால் ஒன்றுபோலவே இருக்கும்.

"எனக்கு மட்டும் பிரித்துச் சொல்லத் தெரியும்!" என்று ஜம்பம் அடித்துக்கொண்டிருந்தது செவியன் என்ற கிழட்டுக் கௌதாரி. அதனால் யார் வந்தாலும் செவியன் முன்னால் மூன்று முறை கூவிக் காட்ட வேண்டும். அப்படி ஒரு சட்டம்! வெட்டி ஜம்பத்துக்கு ஒரு சட்டம்!

ஒருநாள் காலை, தவிட்டி என்ற பெண் கௌதாரி ஓடிவந்தது. ஒரு சிறகில் ரத்தம் வடிந்தது.

"ஓடிப்போயிடுங்க! வேலிக்கு அந்தப் பக்கம் வேடன் வலை விரிச்சிருக்கான். கூண்டுக்குள்ள ஒரு கௌதாரியை வச்சிருக்கான். அது கூப்பிட்டா போயிடாதீங்க! என் குஞ்சுங்க எல்லாம் போச்சு!"

"முதல்ல கூவு" என்றது செவியன்.

"அண்ணே, இப்பவா!"

"கூவு!"

அழுதுகொண்டே கூவியது தவிட்டி. செவியன் கண்ணை மூடிக் கேட்டது.

"ஓடைக்காட்டு இழுவை! நம்மை விரட்டிட்டு நம்ம தினையைத் தின்ன வந்திருக்கா!"

"ஐயோ, நான் கரட்டுமேடு அண்ணே! உங்க அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊரு!"

கூட்டம் தவிட்டியைப் போல இழுத்துக் கூவிச் சிரித்தது.

புள்ளிச்சி என்ற தாய்க் கௌதாரிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "மாமா, அவ ரத்தத்தைப் பாருங்க. அதுவுமா பொய்?"

"நீ உன் குஞ்சுங்களைப் பாரு!"

புள்ளிச்சி தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கியது. தவிட்டியைக் கொத்தி விரட்டினார்கள், பாவிகள்.

உச்சிவெயிலில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் கேட்டது. "வாங்க! இங்கே தினை கொட்டிக் கிடக்கு!"

"அவ சொன்னாளே மாமா!" என்று பதறியது புள்ளிச்சி.

"அடி போடி! அசல் கள்ளிக்காட்டுப் பேச்சு. போன மாசம் காணாமப்போன நம்ம சிலுப்பியோட குரல். என் காது பொய் சொல்லாது!"

கூட்டம் ஓடியது. தனியாக நிற்கப் பயந்து, புள்ளிச்சியும் நாலு குஞ்சுகளோடு பின்னால் ஓடியது. வலை விழுந்தது.

பக்கத்தில் ஒரு கூண்டு. உள்ளே சிலுப்பி, இவர்களைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

"பார்த்தியா! சிலுப்பியேதான்! நான் சொன்னது சரிதானே?" என்றது செவியன், வலைக்குள் கிடந்தபடியே.

"சரிதான் மாமா" என்றது புள்ளிச்சி. குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது. வேடன் வந்துகொண்டிருந்தான்.

எந்த ஊர்ப் பேச்சு என்றே காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர்கள், என்ன பேச்சு என்பதைக் கோட்டை விட்டுவிடுவார்கள்.