திரும்பி நடக்கும் பயிற்சி

டெல்பினிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். சஜினுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் கேட்டான். அவ்வளவு கவலை அவனுக்கு.

டெல்பின், பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் தேசியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர். சஜின் துணைப் பயிற்சியாளர், அவரிடமே தொழில் கற்றவன். இருவரும் குமரிக் கடற்கரைக்காரர்கள். அணியில் ஆளுக்கொரு மொழி. தமிழ் இந்த இரண்டு பேருக்கும்தான். ஆசிய இளையோர் போட்டிக்காக அந்நிய ஊரில் வந்து இறங்கி, தட்டுத்தடுமாறிக் காலிறுதி வரை வந்தாகிவிட்டது.

கவலை லின்தோயைப் பற்றி. மணிப்பூர்ப் பெண். அவளுடைய இடது காலைப் போல அணியில் இன்னொரு கால் கிடையாது. போன ஆட்டத்தில் பெனால்டியை வானத்துக்கு அடித்துவிட்டாள். ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தார்கள். ஆனாலும் அன்றிலிருந்து தனியாகத்தான் சாப்பிடுகிறாள். இனிமேல் பெனால்டி அடிக்க என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

"யக்கா, காலிறுதி பெனால்டி வரைக்கும் போனா இவ இல்லாம முடியாது. இவ பயத்த எப்படிப் போக்குறது? தனியா நிறுத்தி அடிச்சு அடிச்சுப் பழக்கட்டா?"

டெல்பின் பந்தை அவன் கையில் கொடுத்தார்.

"நீ ஒண்ணு அடி. வேணும்னே வெளிய அடி. அடிச்சிட்டு இங்க நடந்து வா."

பிள்ளைகளை நடுவட்டத்தில் வரிசையாக நிறுத்தி, மெதுவாக ஏதோ சொன்னார்.

சஜின் சிரித்துக்கொண்டே போனான். பந்தைக் கம்பத்துக்கு மேலே அனுப்பிவிட்டுத் திரும்பினான். வரிசையில் ஒருத்தியும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளையாட்டுதான் என்று தெரியும். இருந்தும் பாதி வழியிலேயே அவன் சிரிப்பு போய்விட்டது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"போகும்போது எதப் பாத்துட்டுப் போன?" என்று டெல்பின் கேட்டார்.

"கோல் போஸ்டத்தான்."

"வரும்போது?"

"இவங்க உச்சந்தலைய." அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "ஒரு பிள்ளகூட மூஞ்சியக் காட்டலியேக்கா!"

"போன ஆட்டத்துல மட்டும் லின்தோய்க்குக் காட்டுனாங்களா?"

ஓரத்தில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த லின்தோய் மட்டும் சஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பயிற்சியில் பந்தே இல்லை. ஒருத்தி பெனால்டிப் புள்ளி வரை போக வேண்டும், திரும்பி வர வேண்டும். மற்றவர்கள் நடுவட்டத்தின் கோட்டில் நின்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கையை நீட்ட வேண்டும். வட்டத்தைத் தாண்டக் கூடாது. பெனால்டி நேரத்தில் விதி அப்படி. முதலில் பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. லின்தோயும் நடந்தாள். போகும்போது விறைப்பாகப் போனவள், வரும்போது சிரித்துவிட்டாள்.

"இதுக்கா இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தோம்? நடக்கவா?" என்றான் சஜின்.

"நீயும் ஒரு தடவ போய்ட்டு வா" என்றார் டெல்பின்.

காலிறுதி சமனில் முடிந்தது. சஜின் பயந்தபடியே பெனால்டி வந்தது. அணிக்கு ஐந்து உதை. நான்கு பேர் கை தூக்கினார்கள். ஐந்தாவதுக்கு ஆளில்லை. லின்தோய் தண்ணீர் பாட்டிலைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அஞ்சாவது ஆள அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று டெல்பின் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்.

எதிரணியின் இரண்டாவது பெண் கம்பத்தில் அடித்துவிட்டாள். சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டு நடந்து வந்தாள். நடுவட்டத்தில்தான் இரண்டு அணியும் நிற்க வேண்டும். அவள் அணிக்காரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நம் பிள்ளைகளோ, பழகிய பழக்கத்தில், கோட்டுக்கு வந்து கையை நீட்டிவிட்டார்கள். முதல் கை லின்தோயுடையது. சட்டைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பெண்ணுக்கு யார் கை என்றுகூடத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

சஜின் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ யக்கா, அது அவங்க பிள்ளைல்லா!"

"பழக்கம் அப்படி. விடு."

நம் மூன்றாவது பெண்ணும் வெளியே அடித்தாள். வட்டத்தில் அத்தனை கைகளும் நீண்டன. அவள் வந்து சேர்ந்தாள். எதிரணி ஐந்தாவதையும் உள்ளே அடித்துவிட்டது. நமக்கு இருப்பது ஒரே ஒரு உதை. உள்ளே போனால் ஆட்டம் தொடரும். போகாவிட்டால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வட்டத்திலிருந்து ஒருத்தி பிரிந்து நடந்தாள். லின்தோய். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

இத்தனை நாள் அவள்தான் அடிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்ற சஜின், இப்போது டெல்பினின் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"யக்கா, கூப்பிட்டிருங்க. வேற யாரையாச்சும் அனுப்பலாம். அன்னைக்கு மாதிரி இன்னைக்கும் வெளிய அடிச்சிட்டாள்னா பிள்ள செத்துப் போவாக்கா."

லின்தோய் பந்தைப் புள்ளியில் வைத்தாள். ஒரு தடவை திரும்பி வட்டத்தைப் பார்த்தாள்.

"போட்டும் மக்கா," என்றார் டெல்பின். "திரும்பி வரத் தெரிஞ்சவதானே போறா."