நீலப் பையில் வந்த ஊசி

முடிவில் உங்களிடம் ஒரு தீர்ப்புக் கேட்கப்போகிறேன். ஆகவே யார், எந்த நாளில், யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஏழு மாடி வணிக வளாகம் ஒன்று. அலுவலகங்கள், துணிக்கடை, உணவகம், மூன்றாம் மாடியில் ஒரு பல் மருத்துவமனை, ஐந்தாம் மாடியில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையம். எல்லா மாடிக் குப்பையும் அடித்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தை ஒட்டிய தகர அறைக்கு வந்து சேரும். மக்கும் குப்பை பச்சைப் பையில். மறுசுழற்சிக்குப் போகும் காகிதமும் பிளாஸ்டிக்கும் நீலப் பையில். ஊசிகள் அந்த அறைக்கு வரவே கூடாது. அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, தனி வண்டியில் அனுப்ப வேண்டும்.

அந்த அறையில் நான்கு பெண்கள் குப்பை பிரித்தார்கள். மூத்தவள் அமராவதி. இளையவள் தெய்வானை, எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்.

திங்கள் காலை நீலப் பைகளை மேசையில் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தபோது தெய்வானையின் கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் ஓர் ஊசி ஏறியது. பத்துப் பைகளின் குப்பை ஒன்றாகக் கிடந்ததால் அது எந்த மாடியுடையது என்று சொல்ல வழியில்லை. வளாக மேலாளர் குணசீலன் ஓடிவந்தார். தன் காரிலேயே அவளை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கிளம்பும்போது மற்றப் பெண்களிடம் சொன்னார்: "எந்த மாடின்னு சாயந்தரத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்றேன். அவங்க மேல புகார் குடுக்காம விடமாட்டேன்."

ஊசி யார் உடம்பில் போடப்பட்டதென்று தெரியாததால், நோய் தொற்றாமலிருக்க மருத்துவர்கள் ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார்கள். அதுவரை குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள். ஊசி போட்டுக்கொண்ட ஆள் யாரென்று தெரிந்து, அவர் இரத்தம் சுத்தம் என்றால், மாத்திரையை நிறுத்திவிடலாம்.

சாயந்தரம் குணசீலன் கீழே வந்தார். "விசாரிச்சிட்டு இருக்கேன்," என்று கைபேசியைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுப் போய்விட்டார். அமராவதிக்கு அந்த முகம் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் எந்தப் பையையும் கொட்ட விடவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து இடுக்கியால் கிளறினாள். மூன்றாம் மாடிப் பையில், பல் அச்செடுத்த மாவுக்கட்டிகளுக்கு அடியில், மூடியில்லாத மூன்று ஊசிகள். கூடவே நோயாளிகளின் சீட்டுகள். எல்லாவற்றிலும் திங்கள் மாலை ஐந்து மணிக்குப் பிந்திய நேரம்.

பையைக் கட்டினாள். குப்பை ஏற்றும் லிஃப்டை விட்டுவிட்டு, வாடிக்கையாளர் போகும் லிஃப்டில் ஏறினாள். பல் மருத்துவமனையில் நோயாளிகள் உட்கார்ந்திருந்த கூடத்தில், வரவேற்பு மேசைமேல் பையை வைத்தாள். மருத்துவர் சுதாகர் வெளியே வந்தார்.

"நேத்து ஒருத்தி கையில ஏறுனது பத்தலீங்களா, டாக்டர்?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

மருத்துவர் அவள் பக்கம் திரும்பாமல் கைபேசியை எடுத்தார். குணசீலனை வரவழைத்து அவரிடம் பேசினார். "வெளிய சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்தீங்க. இனிமே அந்த ரிசல்ட் என் கையிலிருந்து வராது."

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஊசி தங்களுடையதுதான் என்று திங்கள் மதியமே சுதாகர் குணசீலனிடம் ஒப்புக்கொண்டிருந்தார். முந்தைய நாள், ஞாயிற்றுக்கிழமை, அங்கே ஊசி போட்டுக்கொண்டவர் ஒரே ஒருவர். அவரை அழைத்து இரத்தம் சோதித்து, புதன்கிழமை முடிவைத் தருவதாகச் சொல்லியிருந்தார். பல் மருத்துவமனையின் பெயர் வெளியே வரக்கூடாது என்பது நிபந்தனை. குணசீலன் சம்மதித்திருந்தார்.

"ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தா தெய்வானை மாத்திரைல இருந்து தப்பிச்சிருப்பா," என்றார் குணசீலன்.

"அந்த ஒரு நாள்ல இன்னும் மூணு ஊசி வந்துச்சுங்க. கீழ மூணு பொம்பளைங்க கை இருக்குது. அதை யாரு பொறுக்குறது?"

அன்றே அமராவதி மாநகராட்சி சுகாதார அதிகாரியிடம் புகார் கொடுத்தாள். பல் மருத்துவமனை பூட்டப்பட்டது. சுதாகர் சொன்னபடியே, அந்த நோயாளி யாரென்றோ இரத்த முடிவு என்னவென்றோ சொல்லவில்லை. தெய்வானை மாதம் முழுவதும் குமட்டலோடு மாத்திரை விழுங்கினாள். பாலைப் பீய்ச்சி வாஷ்பேசினில் ஊற்றினாள். பார்க்கப் போன அமராவதியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க அக்கா."

மருத்துவர் செய்தது அநியாயம். அதில் புதிர் இல்லை. தெய்வானைக்காக வாய்மூடிய குணசீலன், மூன்று பேருக்காக வாய்திறந்த அமராவதி: இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: அமராவதி. இரத்த முடிவு தெய்வானைக்குக் கேட்காமலே சேரவேண்டியது. அதற்கு விலை வைக்க மருத்துவருக்கு உரிமையில்லை, ஒத்துக்கொள்ளக் குணசீலனுக்கும் உரிமையில்லை. பெண்களுக்குக் கொடுத்த வாக்குதான் முந்தியது. அதை விற்றுத்தான் அவர் இரண்டாவது வாக்கைக் கொடுத்தார். அந்த மௌனத்துக்குள் புதிய ஊசிகள் வந்து விழுந்தன. ஆனால் தெய்வானை சொன்னதும் நியாயம். சரியானதைச் செய்தவளும் அவளிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும்.