வழிப்போக்கன் தூக்கிய பிள்ளை

“முப்பத்தெட்டு நாடு சுத்திட்டேன் சிஸ்டர். ஒரு நாட்டுக்குள்ளயும் நான் போகலை.”

சிஸ்டர் பெனிற்றா பார்லியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“பாஸ்போர்ட்டுல முத்திரை குத்தியிருக்கானாண்ணே?”

“குத்தியிருக்கான்.”

“அப்போ போயிருக்கிய.”

ரொமால்டு முதுகுப் பையோடு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இந்த மலைநாட்டின் கடைசிக் கணவாய்க்குக் கீழே, வழிப்போக்கர்களுக்குப் படுக்கையும் சூப்பும் கொடுக்கிற ஒரு சின்ன மடம் இருக்கிறது, அங்கே தூத்துக்குடிக்காரச் சிஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், அவருக்குத் திறக்காத கதவே இல்லை என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பி இரண்டு நாள் ஏறி வந்திருந்தார்.

சிஸ்டர் அவரைவிட இருபது வயது சின்னவர். அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“வெட்டுக்கிளி தின்னேன். பாவாடை கட்டிட்டு ஆடினேன். புத்தர் கோயில்ல ஒரு மாசம் தரை துடைச்சேன். எல்லாரும் நல்லாத்தான் காட்டுனாங்க. ஆனா யாரு கல்யாணம்னே தெரியாமப் பந்தியில சாப்பிட்டு எந்திரிச்ச மாதிரி இருக்கு.”

“சாப்பாடு நல்லா இருந்துச்சா?”

“கேலி பண்ணாதீங்க சிஸ்டர். ஒரு வழி சொல்லுங்க. இல்லைன்னா நாளைக்கு இறங்கி ஊருக்கே போயிருதேன்.”

சிஸ்டர் இப்போதுதான் அவரைப் பார்த்தார். முகத்தை அல்ல, கையை.

“கையைக் கழுவிட்டு வாங்க.”

கழுவிவிட்டு வந்தார்.

“நகம் வெட்டுங்க.”

“நான் என்ன கேட்டேன், நீங்க என்ன சொல்லுதிய?”

“வெட்டுங்கண்ணே.”

வெட்டினார். சிஸ்டர் ஒவ்வொரு விரலையும் தடவிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு முன்னே நடந்தார்.



மேட்டில் கல்லால் கட்டிய ஒரு வீடு. கதவு இருந்த இடத்தில் தடித்த கம்பளித் திரை தொங்கியது. வாசலில் நின்றதும் சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“உள்ள தமாரின்னு ஒரு பொண்ணு. தலைப்பிள்ளை. பொறந்து அம்பத்திரண்டு நாளாச்சு. இன்னும் வெயிலைப் பாக்கலை.”

“ஏன், பிள்ளைக்கு நோவா?”

“பன்னெண்டு நாளா ஒரு வழிப்போக்கனும் வரலை.”

அவருக்குப் புரியவில்லை. சிஸ்டர் சொன்னார்.

நாற்பது நாள் கழிந்தபின் பிள்ளையை முதன்முதலாக வெளியே கொண்டுபோக வேண்டியவர் வேற்றூர்க்காரர். ஊற்றடி வரைக்கும். அங்கே பிள்ளையின் பாதத்தை மண்ணில் தொடவைத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கூட யாரும் போகக் கூடாது.

“ஊர்க்காரன் தூக்குனா அந்தப் பிள்ளைக்கு ஊர் மட்டும் சொந்தமாம். வழிப்போக்கன் தூக்குனா எங்க போனாலும் சொந்தமாம்.”

“நீங்க தூக்க வேண்டியதுதானே?”

“எட்டு வருஷமாச்சுண்ணே. என்னை ஊர்க்காரியாக்கிட்டாங்க.”

ரொமால்டு ஓரடி பின்னால் போனார்.

“நான் பிள்ளையே தூக்குனதில்ல சிஸ்டர்.”

“ஒரு கை தலைக்கு. ஒரு கை முதுகுக்கு.”

“வழுக்கிருச்சின்னா?”

“வழுக்குற பாதைதான்.”

“சிஸ்டர்!”

“பொய் சொல்லச் சொல்லுதியளா?”

“நான் யாருன்னு அவங்களுக்குத் தெரியுமா? திருடனா இருந்தா?”

“திருடன் தூக்குவான்.”

அவர் வானத்தைப் பார்த்தார். மேகம் கணவாய்மேல் உட்கார்ந்திருந்தது.

“இன்னைக்கோ நாளைக்கோ பனி விழுந்துரும்,” என்றார் சிஸ்டர். “பாதை மூடிரும். அடுத்த ஆளு சித்திரையிலதான் வருவான். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை அடுப்புப் புகைக்குள்ளதான் கிடக்கணும். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருங்க. நான் போய் அவகிட்டச் சொல்லிருதேன்.”

அவர் பையை இறக்கி வைத்தார்.

சிஸ்டர் திரையருகே போய் அவர்கள் பாஷையில், வந்தாச்சு என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது.

வெகுநேரம் கழித்துத் திரையின் நடுவிலிருந்து இரண்டு கைகள் வந்தன. வெடித்த விரல்கள். மணிக்கட்டில் மாவு. அவற்றின்மேல் ஒரு துணிப்பொதி.

ரொமால்டு வாங்கிக்கொண்டார்.

அவ்வளவு லேசாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.



ஊரே அடங்கியிருந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நாய்களைக்கூடக் கட்டிவிட்டிருந்தார்கள்.

அவர் நடந்தார். ஒரு கல்லில் காலை வைத்து, அழுத்திப் பார்த்து, அடுத்த கல். சுற்றிலும் இருந்த மலையை அவர் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய கேமரா பிள்ளைமேல் இடித்துவிடும் என்று தோன்றியதும், பிள்ளையிலிருந்து கையை எடுக்காமல், தலையைக் குனிந்து அதைப் பாதையோரத்தில் நழுவவிட்டார்.

பாதி வழியில் வெயில் மேகத்தை விலக்கியது. பிள்ளை தும்மியது. கண்ணைத் திறந்தது.

அது வெயிலைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தது.

உலகம் என்றால் இவ்வளவுதான் என்பதுபோல, பயமே இல்லாமல், வெள்ளைத் தாடியிலிருந்து புருவம் வரைக்கும் நிதானமாகப் பார்த்தது.

கர்த்தரே என்றார்.

ஊற்றடியில் மண்டியிட்டார். அவருடைய கட்டைவிரல் அளவே இருந்த பாதத்தை ஈரமண்ணில் தொடவைத்தார். அது விரல்களைச் சுருக்கிக்கொண்டது. மண்ணில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது.

திரும்பும்போது பனி தூற ஆரம்பித்துவிட்டது. சட்டையைத் திறந்து பிள்ளையை நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டார்.



வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

இரண்டு கைகளும் அங்கேயே நீண்டிருந்தன. அவர் வாங்கிக்கொண்டபோது விரிந்திருந்தபடியே. குளிரில் சிவந்து வீங்கியிருந்தன. உள்ளங்கையில் விழுந்த பனி உருகி விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீங்க போனதுலேர்ந்து உள்ள இழுக்கவே இல்ல,” என்றார் சிஸ்டர்.

ரொமால்டு தன் சட்டை நுனியால் அந்தக் கைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைத்தார். பிள்ளையை வைத்தார். கைகள் திரைக்குள் போயின.

உள்ளே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம். கூடவே பிள்ளை பால் குடிக்கிற சத்தம்.

அவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சிஸ்டர், அவங்ககிட்ட ஒண்ணு கேளுங்க.”

“என்ன?”

“திரையை ஒரு விரக்கடை விலக்குனா போதும், நான் யாரு எப்படின்னு தெரிஞ்சிருக்கும். ஏன் ஒரு தடவைகூட என் முகத்தைப் பாக்கலை?”

சிஸ்டர் திரைக்கு வாய் வைத்துக் கேட்டார்.

உள்ளிருந்து பதில் வந்தது. சின்னக் குரல். அழுகை இன்னும் தீராத குரல்.

“என்ன சொல்லுதாங்க?”

“‘முகத்தைப் பாத்து ஆளை எடை போட்டிருந்தா, எப்படிக் கொடுத்திருப்பேன்?’ன்னு கேக்கா.”