பூட்டியவன் சீட்டு கிழியும்

தீபாவளி டிக்கெட் விற்பனை பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு, நாகர்கோவில் ஆம்னி பஸ் கம்பெனியின் சர்வர் அப்டேட் ஆகமாட்டேன் என்று மக்கர் பண்ணியது. வெளியே கூட்டம் ஷட்டரைத் தட்டியது. மேனேஜர் தங்கப்பழத்துக்கு வேர்த்துக் கொட்டியது. "சர்வரை ஓட்டுற லினக்ஸ் எனக்குத் தண்ணிபட்ட பாடு" என்று முதலாளியிடம் மார்தட்டியிருந்த மனுஷன் அவர்.

புதிதாகச் சேர்ந்த ரெஜினா மேல் பாய்ந்தார். "பத்து மணிக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா உன் சீட்டு கிழிஞ்சுது!"

ரெஜினா திரையைப் பார்த்தாள். "யாரோ ஒரு அப்டேட்டைத் தொடங்கிப் பாதியில விட்டுட்டுப் போயிருக்காங்க சார். அது முடியுற வரைக்கும் சர்வர் அடுத்ததைச் சேர்க்காது, பூட்டிக்கிட்டு நிக்கும்."

"பூட்டுனது எவன்? எவனா இருந்தாலும் இன்னைக்கே அவன் சீட்டைக் கிழிக்கேன்!"

"முதலாளி கேட்டாலும் இதையேதான் சொல்லுவீங்களா சார்?"

முதலாளி அறை வாசலில்தான் நின்றிருந்தார். தங்கப்பழம் அவரைப் பார்த்து அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

ரெஜினா ஒரு வரி தட்டினாள். பூட்டியவர் பெயர் திரையில் வந்து நின்றது: தங்கப்பழம்.

அவர் தன் அறைக்கு ஓடினார். நேற்று டீ குடிக்க எழுந்து போனபோது பதில் தட்டாமல் விட்ட கேள்வி, 'தொடரலாமா?' என்று அவர் கம்ப்யூட்டரில் இன்னும் காத்துக்கிடந்தது. 'ஆம்' என்று தட்டினார். சர்வர் ஓடத் தொடங்கியது.

பத்து மணிக்கு ஷட்டர் ஏறியது. கவுன்டரில் உட்கார்ந்த ரெஜினா, முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள்.

"முதல் சீட்டு யாருக்குக் கிழிக்கணும் அண்ணாச்சி?"