செபஸ்தியான் தோளில் விளக்கெண்ணெய்

அந்தக் காலத்தில் உயிரணுக்களுக்கும் வாய் இருந்தது, திறந்தால் மூடாது. ஒரு குழந்தையின் முழங்காலில், தோலுக்கு அடியில், அப்படி ஓர் உயிரணு குடியிருந்தது. அதற்குள்ளே நீளமாய் ஒரு நூல் சுருண்டு கிடந்தது. எப்படி வளரவேண்டும், எங்கே நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் அந்த நூலில்தான் இருந்தது. உயிரணு இரண்டாகப் பிரியும்போது நூலுக்கும் ஒரு நகல் எடுத்துக்கொள்ளும்.

நகலில் பிழை வந்துவிடக் கூடாதே என்று செபஸ்தியான் என்றொரு காவல்காரன் வாசலில் நின்றான். நல்லவன்தான். ஆனால் விசில் ஊதாமல் அவனால் இருக்கமுடியாது. உயிரணு பிரியப் பார்த்தால் நில் என்பான். சும்மா சோம்பல் முறித்தாலும் நில் என்பான்.

ஒருநாள் குழந்தை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. காயம் மூட உயிரணுக்கள் பெருகியாகவேண்டும். இவன் விட்டால்தானே? குழந்தை அழுதபடி இருந்தது. உயிரணு அவனிடம் கெஞ்சியது, திட்டியது, கடைசியில் விசிலையே பிடுங்கப் பார்த்தது.

செபஸ்தியானுக்கு வெட்கமாகிவிட்டது. "ஆரம்பிச்சா என்னை நானே நிறுத்திக்கத் தெரியலையே," என்றான். "எங்க பிலோமினா அக்கா அதட்டினாத்தான் அடங்குவேன். இனிமே எழுந்திரிச்ச உடனே நானே அக்காவுக்கு ஆள் அனுப்பிடறேன்."

அப்படியே நடந்தது. அவன் விசிலை வாயில் வைப்பதற்குள் அக்கா வந்து தோளைப் பிடித்து, உன் உத்தியோகம் போதும், வந்து படு என்று இழுத்துப்போவாள். காயம் மூடியது.

பிறகு ஒரு கோடையில் குழந்தை வெயிலிலேயே ஆடித் தீர்த்தது. வெயில் உறைத்து உள்ளே நூல் அறுந்தது. அது தெரியாமல் உயிரணு நகலெடுக்கத் தொடங்கிவிட்டது. அறுந்த நூலோடு பிரிந்தால் நிறுத்தத் தெரியாத ஓர் உயிரணு பிறக்கும். அது பெருகிப் பெருகிக் குழந்தையையே தின்றுவிடும். நூலைத் தடவித் தடவிப் பார்ப்பது ரெஜினாவின் வேலை. அவள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். செபஸ்தியான் எழுந்தான். எழுந்தவன், பழக்கதோஷத்தில், அக்காவுக்கும் ஆள் அனுப்பித் தொலைத்தான்.

அக்கா வந்தாள், தோளைப் பிடித்தாள். இன்றைக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது என்று அவன் அலறினான். தினமும் இதைத்தானே சொல்கிறாய் என்று வாசலைவிட்டுப் பாதி தூரம் இழுத்துவிட்டாள்.

ரெஜினாவுக்கு வாதாட நேரமில்லை. நூலைத் தடவக் கையில் வைத்திருந்த கிண்ணத்து விளக்கெண்ணெயை அவன் தோளில் கவிழ்த்தாள். அக்காவின் கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள், இந்தத் தடவை அக்காவே வழுக்கி உட்கார்ந்தாள்.

"ஏண்டி, இவனைக் குளிப்பாட்டவா நான் வந்தேன்?"

"நூல் அறுந்திருக்குக்கா. தைச்சு முடிக்கிறவரைக்கும் அவனை விடுங்க."

செபஸ்தியான் ஊதினான். உயிரணு நின்றது. நூலை எடுத்துப் பொறுமையாய் ஒட்டினார்கள்.

"ஒட்டாமப் போயிருந்தா?" என்று கேட்டது உயிரணு.

அவன் முதல்முறையாக விசிலைக் கீழே வைத்தான். "உன் உயிர் விளக்கை நீயே அணைச்சிட்டுப் போயிருக்கணும். குழந்தைக்காக."

உயிரணு சற்று யோசித்து, சரி என்றது. எண்ணெயைத் துடைத்ததும் அக்கா தம்பியை இழுத்துக்கொண்டு போனாள்.

அன்று முதல்தான் நம் ஒவ்வோர் உயிரணுவிலும் காவல்காரன் எழும்போதே தன்னை இழுத்துப்போக ஆளையும் அழைத்துக்கொள்கிறான். நூல் அறுந்த நாளில் மட்டும் யாரோ ஓடிவந்து அவன் தோளில் எண்ணெய் பூசுகிறார்கள். எந்தக் குழந்தைக்கும் அந்தக் கிண்ணம் வற்றாமல் இருக்கட்டும்.